இடது, வலது, பிரேக்

"இடது எரியுது! வலது எரியுது! பிரேக் எரியுது!" வீட்டு டிரெய்லருக்குப் பின்னால் பனியில் நின்று கொரின் கத்தினாள்.

அதை இழுக்கும் பிக்கப்பில் உட்கார்ந்திருந்த வெர்னாவின் கால் பிரேக்கைத் தொடவே இல்லை.

"நான் இன்னும் மிதிக்கலடி."

"அப்ப உன் புருஷன் மிதிச்சாரா?" சொன்ன பிறகுதான் தங்கை நாக்கைக் கடித்துக்கொண்டாள். "மன்னிச்சுக்கோக்கா."

செப்டம்பரில் வெர்னாவின் கணவர் லைல் அந்த டிரெய்லரின் கட்டிலில்தான் செத்துக் கிடந்தார், ஒரு காலில் மட்டும் காலுறையோடு. மலைமேல் விட்டுவைத்தால் பனி கூரையை நசுக்கிவிடும். நாலு மணிக்குக் கணவாய்ச் சாலையை மூடிவிடுவார்கள்; அதற்குள் இறங்கியாக வேண்டும். முப்பத்தொரு வருடம் பின்னால் நின்று விளக்கு எரிகிறதா என்று பார்த்துச் சொன்னவள் வெர்னா. "எல்லாம் எரியுது" என்று அவள் சொன்ன பிறகுதான் லைல் வண்டியை எடுப்பார். இறக்கத்தில் ஓட்டியதில்லை. மூன்று மாதமாகச் சரியாகத் தூங்கியதும் இல்லை.

இரண்டாம் கியரில், டயர்ச் சங்கிலி நறநறக்க, வைப்பர் தள்ளத் தள்ள ஈரப்பனி கண்ணாடியில் வந்து அப்ப, பின்பாரம் தோளில் கைவைத்து அழுத்துவதுபோல அழுத்த, வண்டி இறங்கியது. லைலின் குரல் காதிலேயே இருந்தது. "காலால பிரேக் பிடிக்காதே. ஸ்டியரிங் பக்கத்துல இருக்கிற சின்னப் பிடியைக் கையால அழுத்து, டிரெய்லர் மட்டும் நிக்கப் பார்க்கும். பின்னால வர்றது முன்னால வந்துடக் கூடாது, வெர்னா."

மூன்றாம் வளைவில் டிரெய்லர் வாலை வீசியது. பயத்தில் காலால் மிதித்துவிட்டாள். பிக்கப் வழுக்கியது. தடுப்புக் கம்பி. அதற்கப்பால் வெறும் வெள்ளை.

சின்னப் பிடிக்கு மேல், டிரெய்லர் பிரேக்கின் அழுத்தத்தைக் காட்டும் எண் மாறியது. இரண்டு. ஐந்து. ஒன்பது. பின்னாலிருந்து இழுத்துப் பிடித்ததுபோல் வண்டி நேரானது.

"நல்ல நேரத்துல கையால பிடிச்சேக்கா!" என்றாள் பக்கத்து இருக்கையில் இருந்த கொரின்.

வெர்னாவின் இரண்டு கையும் ஸ்டியரிங்கில் இருந்தன.

அடிவாரத்தில் நிறுத்தி, இருவரும் பின்பக்கம் போனார்கள். பிரேக் தீய்ந்த வாடை. விளக்குகளில் அப்பியிருந்த பனியைத் துடைத்தார்கள்.

"அக்கா. கதவைப் பூட்டினேதானே?"

டிரெய்லர் கதவு திறந்து ஆடியது. அதிலிருந்து புதுப்பனியில் காலடிகள். விரல் பதிந்தது ஒன்று, விரலில்லாதது ஒன்று. அவர்களை நோக்கி வரவில்லை. முன்னால் போயிருந்தன.

பிக்கப்பின் கதவு சாத்தும் சத்தம்.

இடது விளக்கு மினுங்கியது. நின்றது. வலது. நின்றது. பிரேக்கின் சிவப்பு இருவர் முகத்திலும் விழுந்து, அணையாமல் காத்திருந்தது.

சொல்லக் கூடாது. தெரியும். ஆனால் அவ்வளவு களைப்பு. வாய் பழக்கத்தில் தானாகத் திறந்தது.

"எல்லாம் எரியுது, லைல்."

பின்னோக்கி எடுக்கும்போது மட்டும் எரியும் வெள்ளை விளக்கு எரிந்தது.