ஆரல் கரையில் ஆடிய பொறி

எர்டென் வந்து இறங்கியபோது ஆரல் கடல் மேல் மணற்காற்று எழும்பிக்கொண்டிருந்தது. நண்பகல்தான், ஆனால் வெளிச்சம் மாலைபோல் மங்கிப் பழுத்துக் கிடந்தது. கம்பங்களுக்கிடையே இழுத்துக் கட்டிய ஏரியல் கம்பி விடாமல் ஊளையிட்டது. ஒட்டகக்காரன் மூட்டையை வீசிவிட்டு, குடிக்கத் தண்ணீர்கூடக் கேட்காமல் ஓடிவிட்டான்.

ரேடியோ நிலையத்தில் இருந்தது எஞ்சின்காரன் புரோகோர் ஒருவன்தான். முந்தைய தந்தியாளன் தோலேகென் போன மாதம் மின்சாரம் பாய்ந்து கருகிப் போனான். அவன் இடத்துக்குத்தான் எர்டென் வந்திருந்தான். இருவரும் தாஷ்கண்டில் ஒன்றாகத் தந்தி படித்தவர்கள்.

"வா தம்பி, டீ குடி. இந்தக் காத்துல எவன் தந்தி கேக்கப் போறான்?"

"என் தம்பி சத்தார் படகுல கடலுக்குப் போயிருக்கான் அண்ணே. தீவு நிலையத்துக்குச் சொல்லி விளக்கேத்தச் சொல்லணும். இல்லேன்னா பாறையில மோதிச் செத்துருவான்."

"சரி, எஞ்சினைக் கிளப்புறேன். ஓடினா உன் அதிர்ஷ்டம்."

மின்பொறி அறைக்குள் நுழையுமுன் எர்டென் தந்திக் கருவியின் கைப்பிடியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். தந்தியாளர் எல்லோருக்கும் உள்ள பழக்கம். உள்ளே ஒருவன் இருக்கும்போது வெளியே இருப்பவன் தெரியாமல் அதைத் தட்டிவிட்டால், மின்சாரம் பாய்ந்து உள்ளே இருப்பவன் கதை முடிந்தது.

உள்ளே கண்ணாடி ஜாடிகள் வரிசையாக நின்றன. அவற்றில் ஏறிய மின்சாரம் இரண்டு பித்தளைக் குண்டுகளுக்கிடையே பொறியாய்த் தாவிச் செம்புச் சுருளுக்குள் பாயும். பாய்ந்தது அங்கேயே அடங்காது. ஜாடிக்குத் திரும்பும், மறுபடி சுருளுக்கு ஓடும், தொட்டில்போல அங்குமிங்கும் ஆடும். அந்த ஆட்டம்தான் ஏரியல் ஏறி, அலையாகிக் கடல் தாண்டுவது. அறையில் தீய்ந்த முடியின் வாடை இன்னும் போகவில்லை.

வெளியே எஞ்சின் இருமியது. நின்றது.

எர்டென் ஓடிப்போய் எஞ்சினுக்கான எண்ணெய்ப் பீப்பாயைத் திறந்தான். மேலே விரற்கடை மண்ணெண்ணெய். அடியில் முழுக்கக் கடல் தண்ணீர்.

"எண்ணெயை வித்துத் தின்னுட்டியா, பாவி? என் தம்பி சாகப்போறான்டா!"

"தோலேகெனும் இப்படித்தான் கத்தினான்," என்றான் புரோகோர் மெதுவாக. "அவனும் கைப்பிடியைப் பையில போட்டுக்கிட்டுத்தான் உள்ள போனான். அந்த இடத்துல சொருக ஒரு டீக்கரண்டி போதும்னு அவனுக்குத் தெரியல."

இரும்புக் கம்பி எர்டெனின் தோளில் இறங்கியது. எலும்பு முறிந்தது. அடுத்த அடியில் காது கிழிந்து தொங்கியது. ரத்தம் சொட்டச் சொட்டப் பொறி அறைக்குள் தவழ்ந்தான். புரோகோர் பின்னாலேயே வந்து, ஜாடிகளுக்கு நடுவில் நின்று, அவன் மண்டைக்கு நேரே கம்பியை ஓங்கினான்.

பொறி வெடித்தது.

எஞ்சின் ஓடவில்லை. கைப்பிடி எர்டெனின் பையில் இருந்தது.

குண்டிலிருந்து கிளம்பிய நீலப் பொறி இரும்புக் கம்பியைக் கவ்வி, புரோகோரின் கைவழியே புகுந்து, இடுப்பைப் பிய்த்துக்கொண்டு அடுத்த குண்டுக்குத் தாவியது. அவன் வில்லாய் வளைந்தான். பொறி விட்டது. மறுபடி பிடித்தது. குட்டையாய் ஒன்று, நீளமாய் ஒன்று.

எர்டெனின் காது அதைத் தந்தி எழுத்துகளாய்த் தானாகப் படித்தது. தந்தி தட்டும் கை ஆளுக்கு ஆள் மாறும்; இது நீளக் கோட்டை ஒரு இழுப்பு கூடுதலாக இழுத்து விடும் கை. தாஷ்கண்டில் பக்கத்து மேசையில் தினமும் கேட்ட கை.

தோலேகெனின் கை.

தீவு. தீவு. விளக்கேற்று. படகு வருகிறது.

ஒவ்வோர் எழுத்துக்கும் புரோகோர் அலறினான். பற்கள் உடைந்து தெறித்தன. கண்கள் வெந்து வழிந்தன. "போதும்... தோலேகென்... போதும்டா..." பாதிச் செய்தியிலேயே அவன் செத்துப்போனான். செய்தி நிற்கவில்லை. கடைசி எழுத்தோடு ஜாடிகள் அத்தனையும் வெடித்துச் சுக்குநூறாயின.

கேட்கும் கருவிக்கு எஞ்சின் வேண்டாம். எர்டென் ஒற்றைக் கையால் ஹெட்போனை நல்ல காதில் அழுத்திக்கொண்டு உட்கார்ந்தான். காற்று ஓய்ந்து வெகுநேரம் கழித்துத் தீவு பேசியது.

"விளக்கேத்திட்டோம். படகு கரை சேர்ந்துருச்சு. சத்தார் பத்திரம்."

எர்டென் குலுங்கிக் குலுங்கி அழுதான். தம்பி பிழைத்தான், அவனுக்கு அது போதும்.

தீவு மறுபடி அழைத்தது.

"தோலேகென், நீ செத்துட்டேன்னு புரோகோர் சொன்னானே? செய்திதான் கிடைச்சிருச்சே, இன்னும் ஏன் அடிச்சுக்கிட்டே இருக்கே? உன்கூட இன்னொரு கையும் கேக்குது. யாரது? ஒரே வார்த்தையைத் திரும்பத் திரும்ப அடிக்கிறான்.

போதும், போதும்ங்கறான்."