கட்டழகி போட்ட மாதிரி

"வீ...ல்!"

காலை பத்தேகாலுக்குக் கிளம்பிய அந்த அலறலில், பக்கத்து அறையில் ஷேவ் செய்துகொண்டிருந்த மாமனாரின் தாடையில் பிளேடு இறங்கியது.

நுரையும் ரத்தமுமாக ஓடி வந்தார்.

"யாரும்மா? யாரைக் கொன்னுட்டாங்க?"

"நான்தான் மாமா! பதினாலு பேரைக் காலி பண்ணிட்டேன்!"

மருமகள் நாற்காலியோடு சேர்ந்து சுற்றிக்கொண்டிருந்தாள். கம்ப்யூட்டர் திரையில் கொட்டை எழுத்துகள்.

'வாழ்த்துகள் கட்டழகி! வெற்றி உங்களுக்கே!'

கட்டழகி என்பது புருஷன் வைத்த பட்டப்பெயர். நாள் பூராவும் திரையில் கட்டம் கட்டமாக வரைகிறவளை வேறு எப்படிக் கூப்பிடுவதாம்? போட்டிகளிலும் அந்தப் பெயரையே கொடுத்து வைத்திருந்தாள்.

அவள் தொழில், வெப்சைட்டுக்கு மாதிரி போடுவது. ஒருவர் 'எனக்கு இப்படி ஒரு பக்கம் வேணும்' என்று போட்டி அறிவிப்பார். பத்துப் பதினைந்து பேர் விழுந்தடித்துக்கொண்டு மாதிரி அனுப்புவார்கள். முதல் சுற்றில் பாதிப் பேர் அவுட்! மிச்சப் பேருக்குத் திருத்தங்கள் வரும். 'நீலத்தைக் கொஞ்சம் தூக்குங்க...' 'தூக்கினதை இறக்குங்க...' கடைசியில் ஒருவருக்குப் பரிசு. மற்றவர்களுக்குப் பட்டை நாமம்.

இருபத்திரண்டு போட்டிகளில் நாமம் வாங்கியவள் அவள். இது இருபத்து மூன்றாவது!

நான்கு நாள் மிதப்பிலேயே போயிற்று.

ஐந்தாம் நாள் காலை, அழைப்பு மணி அடித்தது.

கதவைத் திறந்தாள். மிடுக்கான ஒரு பெண் இன்ஸ்பெக்டர். அவருக்குப் பின்னால் டை கட்டிய ஒரு மனிதர், ஏசி அறையிலேயே வளர்ந்த முகம்.

"இங்கே கட்டழகி யாரு?"

"நா... நான்தான் மேடம்."

இன்ஸ்பெக்டர் மேலும் கீழும் பார்த்தார்.

"பேரை நானே வெச்சுக்கலை மேடம்..."

"அது கிடக்கட்டும். இதைப் பாரு."

நீட்டிய செல்போனில் ஒரு வங்கியின் நுழைவுப் பக்கம். அதே நீலம்... அதே கட்டங்கள்... அவள் போட்டது!

"நேத்துலேர்ந்து ஊர் பூரா ஒரு மெசேஜ் சுத்துது. 'உங்க அக்கவுன்ட்டை முடக்கப் போறோம், உடனே இங்கே பாஸ்வேர்டைப் போடுங்க'ன்னு. லிங்க்கைத் தொட்டா இது வருது. போலிப் பக்கம்! சார் அந்த பேங்க்கோட பாதுகாப்பு அதிகாரி. இதைச் செஞ்சது நீதான்னு சொல்றாரு."



"செஞ்சது நான்தான் மேடம். ஆனா புது ஊழியர்களுக்குப் பயிற்சிக்குன்னு சொல்லித்தான் போட்டி வெச்சாங்க! பேங்க் பக்கம் மாதிரியே அச்சு அசலா இருக்கணும்னு விதியிலேயே இருந்துது!"

"வெச்சது யாரு?"

"கோடைமழை."

"என்னது?"

"அந்தப் பேர்லதான் வந்தாங்க. மத்தபடி ஆணா பொண்ணான்னுகூடத் தெரியாது."

அதிகாரி சிரித்தார். "கட்டழகிக்குக் கோடைமழை வேலை குடுத்துதாம்! நல்லாக் கதை விடறா மேடம். அரெஸ்ட் பண்ணுங்க. அந்தக் கம்ப்யூட்டரையும் தூக்குங்க."

"ஐயோ, என் கம்ப்யூட்டரா!" அவள் குரல் உடைந்தது. "மேடம், இருபத்து மூணு போட்டி... ஒண்ணே ஒண்ணுதான் ஜெயிச்சேன். அதுக்கு ஜெயிலா?"

அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை.

"கிளம்பும்மா. ஸ்டேஷன்ல பேசிக்கலாம்."

அப்போதுதான் மாமனார் தாடையில் பிளாஸ்திரியோடு உள்ளே வந்தார். செல்போனை எட்டிப் பார்த்தார்.

"அட, இதுவா? நேத்து நானும் போட்டேனே!"

"மாமா!!"

"முடக்கிடுவோம்னு மெசேஜ் வந்துது. பயந்துட்டேன்மா. ஆனா என்ன ஒரு பக்கம்! பாஸ்வேர்டு கட்டத்துல விரலை வெச்சேன்... நான் அடிக்கறதுக்கு முன்னாடியே எட்டுப் புள்ளி தானா விழுந்துது. என் பாஸ்வேர்டு அதுக்கே தெரிஞ்சிருக்கு!"

இன்ஸ்பெக்டரின் புருவம் உயர்ந்தது. "தானா விழுந்துதா?"

கட்டழகி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அது மாதிரிப் பக்கம் மேடம். வெறும் படம்! நாடக மேடையில கதவு வரைஞ்சு நிறுத்துவாங்களே, அந்தக் கதை. கட்டத்தைத் தொட்டா புள்ளி போட்ட படம் வரும். பட்டனைத் தொட்டா 'நன்றி'ன்னு அடுத்த படம் வரும். யார் எதை அடிச்சாலும் ஒரு எழுத்துகூட எங்கேயும் போகாது. போட்டிக்கு இவ்வளவு போதும். நிஜ வெப்சைட்டை அப்புறம் வேற ஆள் கட்டணும்."

"அப்போ யார் பாஸ்வேர்டும் திருடு போகலையா?"

"படம் எப்படி மேடம் திருடும்?"

"பிரமாதம்!" என்றார் மாமனார். "என் மருமக போட்டா போட்டதுதான்!"

"என்னய்யா பிரமாதம்?" அதிகாரி வெடித்தார். "எண்ணூத்திப் பன்னெண்டு பேர் உள்ளே வந்திருக்கான்! ஒருத்தன் பாஸ்வேர்டாவது..."

சட்டென்று நிறுத்தினார்.



இன்ஸ்பெக்டர் மெதுவாகத் திரும்பினார். "சார்... ஸ்டேஷனுக்கு வந்த புகார் மொத்தமே மூணு. எண்ணூத்திப் பன்னெண்டு எங்கேர்ந்து வந்துது?"

"அது... ஒரு குத்துமதிப்பா..."

"குத்துமதிப்புல எண்ணூறு வரும். பன்னெண்டு எப்படி சார் வரும்?"

அதிகாரி டையைத் தளர்த்தினார்.

கட்டழகி துள்ளிக் குதித்தாள்.

"மேடம்! எத்தனை பேர் திறந்தாங்கங்கற எண்ணிக்கை அந்த மாதிரிக்குச் சொந்தக்காரங்களுக்கு மட்டும்தான் தெரியும்!"

"சொந்தக்காரி நீதானே?"

"ஜெயிக்கற வரைக்கும் நான்! ஜெயிச்சதும் முழு உரிமையையும் போட்டி வெச்சவருக்கு எழுதிக் குடுத்துடணும். அதான் விதி. பாருங்க..."

கம்ப்யூட்டரில் தட்டினாள்.

'மன்னிக்கவும். இதைப் பார்க்க உங்களுக்கு அனுமதி இல்லை.'

"இப்போ எனக்கே அனுமதி இல்ல. கோடைமழைக்கு மட்டும்தான் இருக்கு!"

"சார்," இன்ஸ்பெக்டர் கையை நீட்டினார். "உங்க போனைக் குடுங்க."

"அ... அது பெர்சனல்..."

"குடுய்யா!"

பிடுங்கினார். அதிகாரியின் மூஞ்சிக்கு நேராகப் பிடித்துத் திறந்தார். விரலால் தள்ளிக்கொண்டே போனவர், ஓரிடத்தில் நின்றார்.

"வணக்கம், கோடைமழை!"

அதிகாரி தொப்பென்று நாற்காலியில் விழுந்தார்.

"எண்ணூத்திப் பதினஞ்சு," என்றார் இன்ஸ்பெக்டர். "நாம பேசிட்டிருக்கறதுக்குள்ளே இன்னும் மூணு பேர் மாட்டியிருக்காங்க. புகார் விசாரிக்கற பொறுப்பு உங்ககிட்ட வந்ததும், பழியைப் போட ஆளைத் தேடி எங்களையே கூட்டிட்டு வந்தீங்க. பலே!"

"மாதிரின்னா நிஜமாவே வேலை செய்யும்னு நெனைச்சேன் மேடம்..." முனகினார். "நேத்துலேர்ந்து உக்காந்து பாக்கறேன். எண்ணிக்கை மட்டும் ஏறுது... ஒண்ணுமே வந்து விழல!"

"போட்டித் தலைப்பிலேயே மாதிரின்னு நீங்கதானே சார் போட்டிருந்தீங்க!" கட்டழகிக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "நீலத்தை மட்டும் ஒன்பது தடவை மாத்தச் சொன்னீங்களே! அப்போ ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

கையில் விலங்கோடு வாசல் வரை போனவர், திரும்பிப் பார்த்து அழாக்குறையாகக் கேட்டார்.

"ஒருத்தர் காசையும் நான் தொடலியேம்மா! என்னை உள்ளே வெச்சு என்ன பண்ணப் போறாங்க? நான் அங்கே போய் என்னதான் பண்றது?"

கட்டழகி கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"எண்ணிக்கையிலதான் நீங்க கில்லாடியாச்சே சார்... போய்க் கம்பி எண்ணுங்க! குத்துமதிப்பா வேணாம், ஒண்ணு விடாம எண்ணுங்க!"