பூச்சி உட்காராத இடம்

மூன்றாவது இரவும் வேட்டியின் நடுவில் பூச்சி உட்காரவில்லை.

குருசுக்குப்பத்து வீட்டின் பின்புறம், முருங்கைக் கிளையிலிருந்து நெடுக்காகத் தொங்கிய அந்த வெள்ளைத் துணிக்கு எதிரே, பூச்சிகளைப் படமெடுக்கக் கல்லூரியில் இரவல் வாங்கிய புற ஊதா விளக்கையும் கேமராவையும் வைத்திருந்தாள் சொர்ணம். சலவைத்தூள் ஏறிய துணி அந்த ஒளியில் நீலமாய் எரிந்தது. விட்டில்களும் வண்டுகளும் வந்து அப்பின. நடுவில் மட்டும் ஓர் ஆள் உயரத்துக்கு வெறுமை. தலை, தோள், தொங்கும் கைகள்.

துணியில் எண்ணெய்க் கறை இருக்கும் என்று முதலில் நினைத்தாள். அலசினாள். தலைகீழாக மாற்றிக் கட்டினாள். ஃபிலிமைக் கழுவிப் பார்த்த படங்களில் அந்த உருவம் தலைகீழாகவில்லை. படத்துக்குப் படம், பின்கதவின் பக்கமாகச் சற்றே நகர்ந்திருந்தது.

வேட்டி அண்ணன் தேவதாஸுடையது. கட்டுமரத்தோடு அவன் கடலில் காணாமல் போய் நாளையோடு ஒரு வருஷம். உடல் கிடைக்கவில்லை. அண்ணி ஆதிலட்சுமி வாரம் தவறாமல் அதைத் துவைத்து மடித்து வைப்பாள். சொர்ணம் கேட்காமல் எடுத்திருந்தாள்.

ஒரு வருஷம் காத்திருந்தாயிற்று, நாளை கருமாதி; அண்ணியின் தாலியைக் கழற்றுவார்கள். ஊரார் கேட்டபோது, அண்ணன் இனி வரமாட்டார் என்று சொன்னவள் சொர்ணம்தான். படித்த பெண் சொன்னால் சரியாயிருக்கும் என்றார்கள். அண்ணி அன்று அழக்கூட இல்லை.

ஷட்டரைத் திறந்து எண்ணத் தொடங்கினாள். ஒன்று. இரண்டு. காற்று நின்றது. ஊறிய வலையின் வாடை வந்தது. துணியின் ஓரத்திலிருந்து நீர் சொட்டும் சத்தம். காலையிலேயே காய்ந்துவிட்ட துணி.

பின்கதவு திறந்தது. அண்ணி வந்து துணியையே பார்த்தாள்.

"மூணு நாளா வெளியவே நிக்க வச்சிருக்கியே சொர்ணம். உள்ள கூப்புடத் தெரியல உனக்கு?"

"யார அண்ணி?"

"வரமாட்டாருன்னு சொன்னியே."

கோபமில்லாத குரல். அண்ணி தாலியை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, துணியில் முதுகு படும்படி நின்றாள்.

பூச்சிகள் எழும்பின. மறுபடி உட்கார்ந்தன. துணியில் இப்போது வெறுமை இல்லை. அண்ணியின் மேலும் அப்பின. புடவையில். கூந்தலில். கன்னத்தில். திறந்த கண்களின் மேல்.

எண்ணிக்கை விட்டுப்போயிற்று. ஷட்டர் திறந்தே இருந்தது.

இறக்கைகள் மூடிய அந்த உடம்பில் ஓரிடம் மட்டும் வெறுமையாய்த் தெரிந்தது. இடது மணிக்கட்டைப் பற்றிய ஒரு கையின் அச்சு. நான்கு விரல். ஒரு கட்டைவிரல்.

அவை இறுகின.