பந்தித் துணை

காலையில் பிலோமினா முதலில் சாப்பிடுவது வயிற்றால். வயிற்றில் பொருத்திய குழாயின் மூடியைத் திறந்து, பையைக் கொக்கியில் மாட்டி, சத்துக்கூழ் இறங்கி முடியும்வரை சும்மா இருக்க வேண்டும். அதன்பிறகுதான் வாயின் முறை. செயற்கைப் பற்களை எழுப்பினால் தாடை லேசாக அதிரும். சாம்பாரில் ஊறிய இட்லியில் ஒரு விள்ளல் எடுத்து, கண்ணாடியைப் பார்த்தபடி வாயில் வைப்பாள்.

அன்றும் வைத்தாள். பற்கள் அவசரமாக இரண்டு கடி கடித்தன. அரையாத விள்ளலை நாக்கு தொண்டைக்குத் தள்ளிவிட்டது. புரையேறி, கண்ணில் நீர் முட்ட அவள் இருமியபோது சுவரிலிருந்த மெல்லல்மானி ‘தவறு’ என்று சிவந்தது.

“ஏறிட்டா பிலோ?” என்று வாசலுக்கு வெளியே நின்றபடி கேட்டார் கணவர் கஸ்பார். அவள் பயிற்சி செய்யும்போது அவர் அறைக்குள் வருவதே இல்லை.

புற்றுநோய் அவளுடைய கீழ்த்தாடையைத் தின்றுவிட்டது. கால் எலும்பில் ஒரு துண்டை வெட்டிப் புதுத் தாடை செய்து, அதில் திருகுகளை இறக்கி உணர்பற்களைப் பொருத்தியிருந்தார்கள். கால் எலும்புக்கு நடக்கத் தெரியும், மெல்லத் தெரியுமா? யாராவது தம் மெல்தடத்தை அதற்குக் கொடுக்க வேண்டும். எந்தப் பக்கம் கடிப்பது, எவ்வளவு அரைப்பது, எப்போது விழுங்குவது என்கிற பழக்கம் முழுவதும் அதில் பதிவாகியிருக்கும். கொடுப்பவருக்குப் பந்தித் துணை என்று பெயர். பிலோமினாவுக்குத் தடம் கொடுத்தவர் கஸ்பார். நெடுநாள் கூட உட்கார்ந்து சாப்பிட்டவரின் தடம்தான் நன்றாக ஒட்டும் என்பது ஊரறிந்த விஷயம். இப்போதெல்லாம் கல்யாணப் பேச்சிலேயே, மாப்பிள்ளை எப்படி மெல்லுவார் என்று கேட்டுவிடுகிறார்கள்.

எலும்பு திருகுகளைப் பற்றி இறுகும்போது தடமும் உறைந்துவிடும். அதற்குள் சரியாக மெல்லாத வாய் பிறகு எப்போதும் மெல்லாது. ஆயுசுக்கும் குழாய்தான். இன்னும் ஒரு வாரம்தான் இருந்தது. தான்தான் விழுங்க மறந்துவிட்டோமோ என்கிற பயத்தில் பிலோமினாவுக்கு ராத்திரித் தூக்கம் போய்விட்டது.

தாடைப் பயிற்சி நிலையத்தின் சுவரில் ‘நொறுங்கத் தின்றால் நூறு வயது’ என்று எழுதியிருந்தது. பல்லைப் பறிகொடுத்தவர்கள் வருகிற இடத்தில் அதை எழுதிய புண்ணியவானைப் பிலோமினா ஒருநாள் பார்க்க வேண்டும் என்றிருந்தாள். பயிற்றுநர் தமீமா அவளையும் கஸ்பாரையும் உட்காரவைத்துவிட்டு, திரையில் ஓடிய கோடுகளையே வெகுநேரம் பார்த்தாள்.

“அக்கா, கோளாறு ஒங்க தொண்டையில இல்ல. தடத்துலதான் ஏதோ இருக்கு. பாருங்க, பல்லோட பல்லு முட்டவே இல்ல. சத்தம் வெளிய கேட்டுறக் கூடாதுன்னு மெல்லுத மாதிரி இருக்கு. அண்ணே, பதிவு எடுக்கையில எங்க உக்காந்து சாப்பிட்டிய?”

“உக்காந்தா?” என்றார் கஸ்பார்.

“நீங்க வேல பாக்குற துறைமுகத்து கேன்டீன்லதான,” என்றாள் பிலோமினா. புதுப் பற்களுக்கிடையில் அவள் பேச்சு குழறியது.

“கேன்டீன்ல இல்ல. நம்ம வீட்டுக் கொல்லையில, துவைக்கிற கல்லுகிட்ட. பைப்ப தொறந்து விட்டுட்டு, நின்னுக்கிட்டே ரெண்டு வாய் அள்ளிப் போட்டுட்டு வந்துருவேன்.” அவர் தரையைப் பார்த்தார். “நீ வயித்துல குழாயோட கெடக்க, நான் ஒன் முன்னால மீன் கொழம்ப ஊத்தித் திங்க முடியுமா?”

“எப்ப இருந்து?”

“ஆபரேசன் ஆனதுல இருந்து.”

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள். இந்த மனிதர் சோற்றையே மறைத்திருந்தார். பிலோமினாவுக்கு முதலில் ஆத்திரம்தான் வந்தது. அவராவது வாய்க்கு ருசியாகச் சாப்பிடுகிறார் என்ற நிம்மதியில்தான் அவள் இத்தனை மாதங்களைத் தள்ளியிருந்தாள். அது பொய். அவர் பயந்து பயந்து விழுங்கியதெல்லாம் இப்போது அவள் வாயில் இருந்தது. அவரைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது, அவரைப் பிடித்து உலுக்க வேண்டும் போலவும் இருந்தது.

“பழச அழிச்சிட்டுப் புதுசா எடுக்கலாம்,” என்றாள் தமீமா. “ஆனா மெல்லுதாப்ல நடிச்சா மானி காட்டிக் கொடுத்துரும். அண்ணன் அக்கா முன்னால ஆற அமர உக்காந்து நெசமாவே சாப்பிடணும். அதுவரைக்கும் அக்கா வாயில ஒண்ணும் வைக்கக் கூடாது.”

“ஒரு வாரத்துல ஆவுமா?”

“தெரியலக்கா.”

மத்தியானம் அங்கேயே தட்டு வந்தது. சோறும் சாளை மீன் குழம்பும். கஸ்பாரின் கடைவாயில் சென்சாரை ஒட்டி, இருவரையும் எதிரெதிரே உட்கார வைத்துவிட்டுத் தமீமா கதவைச் சாத்திக்கொண்டு போனாள். அவர் ஒரு வாய் வைத்தார். வைத்ததும் விழுங்கிவிட்டார். மானி சிவந்தது. அடுத்த வாயும் அப்படியே போயிற்று. கண் தன்னால் கதவுப் பக்கம் போனது.

“இங்க பாருங்க,” என்றாள் பிலோமினா.

அவர் பார்த்தார். குழம்பின் வாசனைக்கு அவள் வாயில் எச்சில் ஊறி, மரத்துப்போன உதட்டோரமாக வழிந்தது. அவளுக்கே அது தெரியவில்லை. அவர் கை பாதியில் நின்றது.

“பசிக்குதா பிலோ?”

அப்போதுதான் அவள் முந்தானையால் முகவாயைத் துடைத்துக்கொண்டாள்.

“பசிக்கத்தான் செய்யுது,” என்றாள். “நீங்க மெல்லுங்க.”