நேர்ந்த முடி

சுங்கை சிப்புட் ஊரைத் தாண்டி, ரப்பர் மரம் போய் எண்ணெய்க்கான செம்பனை வந்துவிட்ட அந்தப் பழைய தோட்டத்துக்குள் கலாதேவி மோட்டார் சைக்கிளை விட்டபோது மதிய மழை தூறிக்கொண்டிருந்தது. தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில், செல்லாயி அக்காவின் வீட்டில் ரேடியோ பாடியது. பயப்பட அங்கே ஒன்றுமில்லை. பயமெல்லாம் கலாதேவியின் தலைமேல் இருந்தது.

போன வாரம் இதே வீட்டில்தான் செல்லாயி அவளுக்கு விக் ஒட்டினாள். கடுங்காய்ச்சலில் முடியெல்லாம் கொட்டிப்போய், இப்போதுதான் பூனைமுடி போலக் கொஞ்சம் துளிர்த்திருந்தது. அதற்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாதே என்று கலாதேவி தவித்த தவிப்பு கொஞ்சமல்ல. செல்லாயியும் விக் கட்டும் தொழிலில் கெட்டிக்காரி. முதல் நாளே காதுக்குப் பின்னால் ஒரு சொட்டுப் பசை வைத்துத் தோல் சிவக்கவில்லை என்று பார்த்தாள். தோலைக் காக்கும் திரவத்தைப் பூசிக் காயவிட்டு, துளிர்முடியை மெல்லிய துணித் தொப்பிக்குள் பத்திரப்படுத்தி, ஓரத்தில் மட்டும் பசை தடவினாள். வாரம் தாண்ட விடாதே, கழற்றிக் கழுவித் தலையைக் காற்றாட விடு என்று படித்துப் படித்துச் சொல்லி அனுப்பினாள்.

கலாதேவி சொன்னபடிதான் செய்தாள். காலையில் பசையைக் கரைக்கும் எண்ணெயைத் தடவினாள். விக் அசையவில்லை. ஈப்போவில் அவள் வேலை பார்க்கும் புடவைக் கடையிலும் இரண்டு நாளாக யாரோ பின்னால் நின்று கூந்தலை அளைவது போலிருந்தது. திரும்பினால் ஆளில்லை.

செல்லாயி பஞ்சை நனைத்து ஓரமெல்லாம் துடைத்தாள். பசை கரைந்து வழிந்தது. விரலை நுழைத்து மெல்லத் தூக்கினாள்.

வரவில்லை.

மறுபடி தூக்கினாள். உள்ளேயிருந்து யாரோ இறுக்கிப் பிடித்திருந்தார்கள்.

ரேடியோ நின்றுபோனது. பச்சை மஞ்சள் வாசனை குப்பென்று வந்தது.

“பசை சுத்தமா போயிருச்சு லா,” என்றாள் செல்லாயி.

“இது யாரு முடி, அக்கா?”

செல்லாயி அழுதுகொண்டே சொன்னாள். இதே லயத்துப் பெண் ஒருத்தி, பிள்ளை பிழைத்தால் மாரியம்மனுக்கு முடி இறக்குவதாக வேண்டிக்கொண்டு இடுப்புக்குக் கீழே வளர்த்தாளாம். பிள்ளை பிழைத்தது. கோயிலுக்குப் போகுமுன் அவள் செத்துப்போனாள். பிணத்துக்குப் பச்சை மஞ்சள் பூசிக் குளிப்பாட்டும்போது வீட்டார் வெட்டிய முடியைச் செல்லாயி வாங்கிக்கொண்டாள்.

“நேர்ந்த முடின்னு தெரியும் கலா. விட மனசு வரல.”

கலாதேவிக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. ஆனால் திட்டக்கூடப் பொறுமையில்லை. “கோயிலுக்குப் போலாம்,” என்று மட்டும் சொன்னாள்.

தோட்டத்துக் கோயிலில் முடி இறக்கும் பழனியப்பன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, விக்கோடு சேர்த்து மழித்துவிடலாமென்று கலாதேவியை மணைமேல் உட்கார வைத்தார். கத்தி நெற்றிக்கு வருமுன்பே விக், தொப்பியோடு நழுவி அவள் மடியில் விழுந்தது. அடியில் துளிர்முடி ஒன்றுகூடக் கெடாமல் இருந்தது.

“உன் முடி நல்லா இருக்கு தங்கச்சி. இத ஏன் எடுக்கணும்? அம்மனுக்கு அந்த விக்கே போதும்.”

போன உயிர் திரும்பியது. கலாதேவி தலையைத் தடவித் தடவி அழுதாள். விக்கை அம்மன் காலடியில் வைக்கச் செல்லாயி எடுத்துப் போனாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு எழப் பார்த்தாள் கலாதேவி.

ஒரு கை அவள் தலையை அழுத்திக் குனிய வைத்தது.

“விடுங்கண்ணே. வேணாம்னு நீங்கதானே சொன்னீங்க,” என்று முனகினாள்.

“என்னம்மா?”

பழனியப்பனின் குரல் தூரத்துக் குழாயடியிலிருந்து வந்தது. அவர் அங்கே கத்தியைக் கழுவிக்கொண்டிருந்தார்.

பச்சை மஞ்சள் வாசனை மறுபடி குப்பென்று வந்தது. உச்சந்தலையில் சில்லென்று தண்ணீர் விழுந்தது. மொட்டையடிக்குமுன் நனைப்பது போல, விரல்கள் அவள் துளிர்முடியை நிதானமாகத் தேய்க்கத் தொடங்கின.