பதினொன்று இருபதுக்கு ஒரு வரவு ரசீது

"ஐயோ! மேனேஜர் சார் கீழே கிடக்கார்... ஓடி வாங்க!"

லாரி டிரைவர் போட்ட அலறலில் அந்த மருந்துக் கிடங்கே ஆடிப்போனது.

மணி பகல் பன்னிரண்டேகால்.

கிடங்கின் பின்பக்கம், நான்காம் நம்பர் இறக்குமேடை. மேடையிலிருந்து நாலடி கீழே, லாரிக்கும் சுவருக்கும் நடுவே இருந்த சந்தில் மேனேஜர் குப்புறக் கிடந்தார். பின்மண்டை பிளந்திருந்தது. உயிர் இல்லை!

கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஸ்டோர் கீப்பர் வந்தார். வயது ஐம்பத்து நான்கு. வரும் பெட்டிகளை வாய்விட்டு எண்ணுகிற பழக்கத்தால் கிடங்கில் அவருக்குப் பட்டப்பெயர் 'ஒண்ணு ரெண்டு'.

"கடவுளே! நான் இப்பத்தானே வீட்டுக்குப் போயிட்டு வர்றேன்... என்னாச்சு இவருக்கு?"

பிரமாதமான நடிப்பு!

என்னாச்சு என்று அவரைவிட யாருக்குத் தெரியும்? தள்ளிவிட்டதே அவர்தானே!

காலை பத்தே முக்கால். பெட்டிகளை இறக்கி, ஸ்டோர் கீப்பர் எண்ணி முடித்திருந்தார். டிரைவர் லாரியைப் பூட்டிவிட்டு சாப்பிடப் போயிருந்தார். மேடையில் இவர்கள் இரண்டு பேர் மட்டும்.

"நாளைக்கு விசாரணைக்கு வர்றாங்க," என்றார் மேனேஜர். "போன மாசம் காலாவதியான சலைன் உள்ளே வந்ததுக்கு நீங்கதான் பதில் சொல்லணும்."

"நான் அன்னிக்கு லீவு சார்! தேதி பார்க்காம என் பேர்ல வரவு ரசீது போட்டதே நீங்கதானே!"

"சிஸ்டத்துல யார் பேர் இருக்கு? உங்க பேர். அவ்வளவுதான்."

"சார், அந்த சலைனை ஏத்தி ரெண்டு பேர் செத்திருக்காங்க... நான் ஜெயிலுக்குப் போயிட்டா என் பொண்டாட்டியை யார் சார் பார்ப்பா?"

"அது உங்க பாடு!"

மூன்று வருடமாகப் பக்கவாதத்தில் படுத்த படுக்கையாகக் கிடக்கிறாள் அவர் மனைவி. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்டிப் படுக்க வைக்காவிட்டால் முதுகு புண்ணாகிவிடும். அதற்கு அவரை விட்டால் நாதி கிடையாது.

கை தானாக நீண்டது. ஒரே தள்ளு!

மேடையின் இரும்பு விளிம்பில் 'மடார்' என்று ஒரு சத்தம். மேனேஜர் சந்துக்குள் சரிந்தார். அசைவில்லை. பேச்சு மூச்சில்லை.

முடிந்தது கதை என்று ஸ்டோர் கீப்பர் நினைத்தார். ஆனால் மூளை வேலை செய்தது!

பத்து ஐம்பத்தைந்துக்கு கேட் நோட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு, தினமும் போவதுபோல் ஐந்து நிமிட நடையில் வீட்டுக்குப் போனார். மனைவியைப் புரட்டிப் படுக்க வைத்தார். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து போனில் கிடங்கின் சிஸ்டத்தைத் திறந்தார். மேனேஜரின் பாஸ்வேர்டைத் தட்டினார்.

அந்தக் கிடங்கில் பாஸ்வேர்டு என்பது தெருக்குழாய். யார் வேண்டுமானாலும் திறக்கலாம்!

நின்றுகொண்டிருந்த லாரியின் சரக்குக்கு மேனேஜர் பேரில் வரவு ரசீது பதிவானது. நேரம்... பதினொன்று இருபது.

ஆக, பதினொன்று இருபதுக்கு மேனேஜர் உயிரோடு இருந்தார். ஸ்டோர் கீப்பரோ வீட்டில்!

*

பிற்பகல் இரண்டே முக்கால். மேனேஜரின் அறை.

அவருடைய நாற்காலியில் பெண் இன்ஸ்பெக்டர் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் கான்ஸ்டபிள், கையில் நோட்டுடன்.

"நீங்க எத்தனை மணிக்கு வெளியே போனீங்க?"

"பத்து அம்பத்தஞ்சு மேடம். திரும்பி வந்தது பன்னெண்டு பத்து. கேட் நோட்டைப் பாருங்க."

"பார்த்தேன். மேனேஜர் பதினொண்ணு இருபதுக்கு ரசீது போட்டிருக்கார். அப்ப நீங்க இங்கே இல்லை."

"இல்லை மேடம்."

"சரி... போங்க."

அப்பாடா! ஸ்டோர் கீப்பர் எழுந்தார். கதவு வரைக்கும் போனார்.

"ஒரு நிமிஷம். லாரிக்காரர் கொடுத்த சீட்டுல நாப்பத்தெட்டு பெட்டின்னு இருக்கு. ரசீதுல ஏன் நாப்பத்தேழு?"

"ஒரு பெட்டி கிழிஞ்சிருந்தது மேடம். மூணு பாட்டில் ஒழுகல். அதை வரவுல சேர்க்கக் கூடாது."

"அப்படியேதான் குறிப்பு எழுதியிருக்கு. யார் எண்ணினது?"

"மேனேஜர்தான்... அவர்தானே ரசீது போட்டார்?"

இன்ஸ்பெக்டர் சிரித்தார். அந்தச் சிரிப்பு ஸ்டோர் கீப்பருக்குப் பிடிக்கவில்லை.

"மத்தியானம் பூரா உக்காந்து மேனேஜர் பேர்ல இருக்கற ரசீதையெல்லாம் பார்த்தேன். ஒரு வருஷம். எழுநூறு ரசீது. ஒண்ணுலயாவது ஒரு பெட்டி குறைஞ்சிருக்கணுமே? ம்ஹூம்! சீட்டுல உள்ளதை அப்படியே தட்டிவிட்டுட்டுப் போயிருக்கார் மனுஷன். 'ஒண்ணு ரெண்டு'ன்னு இங்கே எல்லாரும் சொல்றாங்களே, உங்க ரசீதையும் பார்த்தேன். 'மூடி லூசு', 'அட்டை ஈரம்', 'லேபிள் இல்லை'..."

"கொலையை மறைக்கப் பொய் ரசீது போடறீங்க. அதுல கூட ஒழுகற பாட்டிலை நல்ல பாட்டில்னு போட மனசு வரலை... இல்லையா சார்?"

"அது... ஆஸ்பத்திரிக்குப் போற மருந்து மேடம்," என்றார் அவர் மெல்ல. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "நான்தான்... பத்தே முக்காலுக்கு நான்தான் தள்ளினேன். கொல்லணும்னு தள்ளலை. விழுந்த வேகத்துல உசிரு போயிடுச்சு. வீட்டுக்குப் போய் அவர் பேர்ல ரசீது போட்டேன்... உசிரோட இருக்கார்னு காட்டறதுக்கு."

"கிட்டப் போய்ப் பார்த்தீங்களா?"

"என்னது?"

"மூச்சு இருக்கான்னு பார்த்தீங்களான்னு கேட்டேன்."

"இ... இல்லை. பயம்..."

இன்ஸ்பெக்டர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"டாக்டர் போன் பண்ணினார். மேனேஜர் விழுந்த உடனே சாகலை. மயக்கம் தெளிஞ்சு, அந்தச் சந்துல எட்டடி ஊர்ந்திருக்கார். நகமெல்லாம் பேர்ந்திருக்கு. உயிர் போனது பன்னெண்டு மணி வாக்குல."

"மே... மேடம்?"

"நீங்க அந்தப் போன்ல ரசீது போடாம ஆம்புலன்ஸைக் கூப்பிட்டிருந்தா பிழைச்சிருப்பாராம். கைகலப்புன்னு சின்னக் கேஸோட போயிருக்கும்."

ஸ்டோர் கீப்பர் இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார். தோள்கள் குலுங்கின. எதற்கு அழுகிறார் என்று அவருக்கே தெரியவில்லை. தனக்காகவா, மனைவிக்காகவா, செத்தவருக்காகவா?

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

"மணி மூணாகப் போகுது மேடம்... அவளைப் புரட்டற நேரம் தாண்டிடுச்சு."

"பெண் போலீஸை அனுப்பறேன். சாவியைக் கொடுங்க."

சட்டைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். அவர் ஜீப்பில் ஏறும்வரை இன்ஸ்பெக்டர் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே நின்றார்.

கான்ஸ்டபிள் பேனாவால் தலையைச் சொறிந்தார். "மேடம்... பதினொண்ணு இருபதுக்கு மேனேஜர் உயிரோட இருந்தார்னு ரிப்போர்ட்ல எழுதவா, வேண்டாமா?"

"தாராளமா எழுதுய்யா! 'ஒண்ணு ரெண்டு' போட்ட ரசீது... தப்பாவா இருக்கும்?"