வாசலில் இரண்டு சோடிச் சப்பாத்து

“சட்டப் பொறுப்பாளரின்ர முழுப் பராமரிப்பில இருக்கிற ஆக்களுக்கு வாக்கில்லை.”

ஜேர்மனியின் கொலோன் நகரில், தமிழ்ச் சங்கம் நடத்திய பொதுத்தேர்தல் விளக்கக் கூட்டத்தில், ஒலிவாங்கியைப் பிடித்தபடி சொன்னான் சுகிர்தன்.

மழையில் நனைந்து அப்போதுதான் உள்ளே வந்த சயந்தினி, பக்கத்தில் நின்ற அண்ணன் மிதுஷனைப் பார்த்தாள். மூளை வளர்ச்சி குறைந்தவன். அப்பாதான் அவனுக்குச் சட்டப் பொறுப்பாளர். முதன்முறை வாக்களிக்கப் போவதாக வீடெல்லாம் சொல்லித் திரிந்தவன்... இப்போது தலையைக் குனிந்துகொண்டான்.

“அது பழைய கதை!” அவள் குரல் ஓங்கியது. “இரண்டாயிரத்துப் பத்தொன்பதிலயே அரசியலமைப்பு நீதிமன்றம் அந்தத் தடை செல்லாது எண்டிட்டுது. சட்டமும் மாறிட்டுது.”

“தங்கச்சி, நான் எத்தினை தேர்தலில வேலை செய்தனான் தெரியுமோ?”

“நான் உங்கட தங்கச்சி இல்லை!”

மண்டபம் சிரித்தது. இந்தக் கோபத்திலும் அவன் கண்கள் ஏன் அவளுக்கு இவ்வளவு அழகாய்த் தெரிகின்றன... சே! அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அடுத்த கிழமை, தேர்தல் பணியாளருக்கான நகரசபையின் பயிற்சி வகுப்பில் சுகிர்தன் கையை உயர்த்திக் கேட்டான். அவள் சொன்னதே சரி. சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் உடனே திருத்தம் போட்டான். அவளிடம் நேரில் மன்னிப்புக் கேட்க மட்டும்... ரோசம் விடவில்லை.

தேர்தல் ஞாயிறு. பள்ளிக்கூட வகுப்பறைதான் வாக்குச்சாவடி. ஊன்ட்றொப் அம்மன் கோயில் திருவிழாவுக்கு வாங்கிய பட்டுச் சட்டையோடு வந்த மிதுஷன், வாசலில் நின்று ஈரச் சப்பாத்தைக் கழற்றி ஒழுங்காக வைத்தான். கோயிலுக்குள் போவதுபோல.

வரிசையில் யாரோ சிரித்தார்கள். மிதுஷன் அப்படியே நின்றுவிட்டான். சயந்தினியின் கண்கள் கலங்கின...

வாக்குப் பெட்டியருகே பணியில் இருந்த சுகிர்தன் எழுந்து வந்தான். குனிந்தான். தன் சப்பாத்தையும் கழற்றி, மிதுஷனுடைய சோடிக்குப் பக்கத்தில் வைத்தான்.

“வாங்கோ அண்ணை. அண்டைக்கு நான் பிழையாச் சொல்லிட்டன். உங்களுக்கு வாக்கு இருக்கு.”

மிதுஷன் தனியாகவே மறைப்புக்குப் பின்னால் போனான். மடித்த சீட்டைப் பெட்டியில் போட்டான். இரண்டு கைகளையும் உயர்த்தினான்.

“போட்டிட்டன்!”

சிரித்தவர் உட்பட எல்லோரும் கைதட்டினார்கள்.

வெளியே தாழ்வாரத்தில், “ஆருக்கண்ணா போட்டனீங்கள்?” என்றாள் சயந்தினி.

“இரகசியம்!” என்றான் மிதுஷன், கம்பீரமாக.

“என்னட்டயும் ஒண்டு இருக்கு...” பின்னாலேயே வந்திருந்தான் சுகிர்தன். “அண்டைக்கு நீங்கள் சொன்ன இரண்டுமே சரி.”

“என்ன இரண்டு?”

“சட்டமும் சரி... என்ர தங்கச்சி இல்லை எண்டதும் சரி. எனக்கு உங்களை விருப்பம், சயந்தினி.”

அவள் வெட்கத்தில் பார்வையைத் தாழ்த்தினாள். அவன் தாழ்வாரத்தின் விளிம்பில், வெறும் காலுறையோடு மழையில் நின்றிருந்தான்.

“முதல்ல போய்ச் சப்பாத்தைப் போடுங்கோ,” என்றாள்.

“அப்ப பதில்?”

“ஓம்... எனக்கும்தான்.”